பென்னலூர் ஏரியில் யாரை யார் தின்கிறார்கள், தெரியுமா?

பென்னலூர் ஏரிக்கு மேலே வட்டமடிக்கும் செம்பருந்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்களுக்கு அது தினசரி இலவசக் காட்சி. அந்தப் பருந்தின் உடம்பில் ஒரு கிலோ சதை சேர வேண்டுமானால், கீழே ஏரித் தண்ணீரில் எவ்வளவு பாசி விளைந்திருக்க வேண்டும், தெரியுமா? பத்தாயிரம் கிலோ! ஒரு லாரி லோடு பாசிக்கு ஒரே ஒரு கிலோ பருந்து!

கணக்கு ரொம்ப எளிது. பத்தாயிரம் கிலோ பாசியைத் தின்று ஆயிரம் கிலோ நீர்த்தெள்ளும் புழுவும் பூச்சியும் உருவாகும். அவற்றைத் தின்று நூறு கிலோ பொடிமீன். பொடிமீனைத் தின்று பத்துக் கிலோ விரால். விரால் குட்டிகளைத் தூக்கிப்போய்த் தின்று ஒரு கிலோ பருந்து. படிக்குப் படி பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது. மீதி ஒன்பது பங்கு? மூச்சுவிட, நீந்த, பறக்க, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவாகிவிடும். கொஞ்சம் செதிலும் எலும்பும் எச்சமுமாகக் கீழே விழும். பத்து என்பது உத்தேசக் கணக்கு. இடத்தைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்தாகவும் இருக்கும், இருபதாகவும் இருக்கும். இதற்கும் முன்னாலேயே ஒரு பெருஞ்செலவு நடந்து முடிந்துவிடுகிறது. ஏரிமேல் கொட்டுகிற வெயிலில் செடியும் பாசியும் பிடித்து உணவாக மாற்றுவது சுமார் நூற்றில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கை வைத்துத்தான் ஊரிலுள்ள அத்தனை வயிறும் நிரம்ப வேண்டும். நம்முடையதும் சேர்த்து.

புலியைத் தின்றே பிழைக்கும் ஒரு விலங்கு ஏன் உலகத்தில் இல்லை என்று குழந்தைகள் கேட்டால், இந்தப் பத்தில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான்கள் வேண்டும். ஆண்டுதோறும் 50 போனாலும் குறையாமல் இருக்க, காட்டில் 500 மான்கள் மேய வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். பெருக்கிப் பாருங்கள்: ஒன்றரை லட்சம் மான், காட்டெருமை, பன்றி! அந்தப் புலிகளையும் தின்று உயிர்வாழ ஒரு மிருகம் பிறந்தால் அந்த ஒன்றுக்கே தமிழ்நாட்டுப் புலிகள் அத்தனையும் போதாது. அதனால்தான் உணவுச் சங்கிலி பெரும்பாலும் நான்கைந்து கண்ணிகளோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவர் யார், தெரியுமா? ரேமண்ட் லிண்ட்மன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவில் ஒரு சதுப்பு ஏரியின் கரையில் மனைவியோடு ஐந்து வருடம் சேறும் பாசியும் அளந்தவர். எழுதி அனுப்பிய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் ஊகம், ஒரு ஏரியை வைத்து உலகத்தை அளக்க முடியுமா என்றார்கள். அவருடைய வழிகாட்டி ஹட்சின்சன் போராடி ஏற்க வைத்தார். 1942 அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. லிண்ட்மன் அதைப் பார்க்கவில்லை! ஜூன் மாதமே, 26 வயதில், கல்லீரல் நோயில் இறந்துபோனார். இன்று உலகத்துப் பள்ளிப் பாடநூல்களில் எல்லாம் இருக்கும் படிக்குப் படி சுருங்கும் அந்த முக்கோணப் படத்துக்குப் பின்னால் அவருடைய கணக்கு இருக்கிறது.

ஆனால் தண்ணீர் அந்த முக்கோணத்தையும் தலைகீழாகக் கவிழ்த்துவிடும்! ஆங்கிலக் கால்வாயில் எடைபோட்டுப் பார்த்தபோது, தின்னப்படும் நுண்பாசியைவிட அதைத் தின்னும் நுண்விலங்குகளின் எடை அதிகமாக இருந்தது. எப்படிச் சாத்தியம்? பாசி நாளுக்கு நாள் பிளந்து பெருகுகிறது. தின்னத் தின்ன விளைந்துகொண்டே இருக்கிறது. ஒரு நேரத்தில் கையில் இருப்பது கொஞ்சம். ஆண்டு முழுக்க விளைந்ததைக் கூட்டினால் மலை.

நத்தைக்காகவே ஒரு மூக்கு

ஏரிக்கரையிலோ நடவு முடிந்த கழனியிலோ, அலகை முழுசாக மூட முடியாத ஒரு நாரை நிற்கும். பார்த்தவர்கள் அடிபட்ட பறவை என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். அடிபடவில்லை! நத்தைகுத்தி நாரையின் அலகே அப்படித்தான். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும். இன்னும் வியப்பு, குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் அலகு வளைந்து திறக்கிறது.

எதற்கு அந்த இடைவெளி? நத்தை ஓட்டை நசுக்கி உடைக்க என்று பல காலம் நம்பினார்கள். உட்கார்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. நாரை ஓட்டை உடைப்பதே அபூர்வம். கீழலகின் கூரிய நுனியை ஓட்டின் மூடிக்குள் செருகி, நத்தையைப் பிடித்து வைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவிக்கொண்டு ஓட்டை அப்படியே போட்டுவிடுகிறது. அதுவும் தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, பார்க்காமலே!

இந்த ஒரு மூக்கு ஒரு நாட்டு வயல்களுக்கே கைகொடுத்திருக்கிறது. 1980களில் தென்னமெரிக்கத் தங்க நத்தை தாய்லாந்துக்குள் நுழைந்து நெற்பயிரை வேரோடு மேய்ந்தது. மருந்தடித்து மாளவில்லை. அந்த நத்தையைத் தின்று தின்று நத்தைகுத்தி நாரைகள் பெருகின. தாய்லாந்தோடு நிற்காமல் மலேசியாவுக்கும், 2013இல் சிங்கப்பூருக்கும் போய் இறங்கின. அதற்குமுன் சிங்கப்பூர்க்காரர்கள் அந்தப் பறவையைத் தம் ஊரில் பார்த்ததே இல்லை.

சரி, நாரை தின்றது எங்கே போகிறது? இங்கேதான் நம் செங்கல்பட்டுச் சீமைக்காரர்கள் உலகத்துக்கே முன்னோடிகள். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கூடுகட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் சுற்றுவட்டார ஏரிகளில் மீனையும் நத்தையையும் தின்றுவிட்டு வந்து, எச்சத்தை வேடந்தாங்கல் தண்ணீரில் போடும். மதகைத் திறந்தால் கழனிக்குப் பாய்வது உரம் கரைந்த தண்ணீர்! பல மைல் சுற்றளவு ஏரிகளில் விளைந்த சத்து, பறவை வயிற்றில் ஏறி ஒரே ஊருக்கு வந்து சேர்கிறது. ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், 1798 வாக்கில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார்கள். சரணாலயம் என்ற அரசு அறிவிப்பு வந்தது 1936இல். ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022இல். அதாவது, சூழலியல் என்ற துறை பிறப்பதற்கு முன்பே ஒரு ஏரிப்பாசன ஊர் உணவுச் சங்கிலிக்குப் பட்டா வாங்கி வைத்துவிட்டது! பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பறவையைக் காட்டுகிறோம். இந்தக் கதையைச் சொல்வதில்லை.

அதே சத்து அளவு மீறினால்? தொழில்பேட்டையைச் சுற்றி வீடுகளும் விடுதிகளும் பெருகிய ஊர்களில் சாக்கடை ஏரிக்குத் திரும்பும்போது நடப்பது இதுதான். நைட்ரஜனும் பாஸ்பரசும் கொட்டக் கொட்டப் பாசி வெறிகொண்டு வளர்கிறது. மேலே ஆகாயத்தாமரை பாய் விரிக்கிறது. வெயில் கீழே இறங்குவதில்லை. செத்த பாசியை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன. ஒரு விடியற்காலையில் கெண்டை எல்லாம் வயிறு மேலே தெரிய மிதக்கும். விடியற்காலை ஏன்? இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கிறது. சூரியன் வரும்வரை புதிதாக உண்டாவதில்லை. மீன் பட்டினியால் சாகவில்லை, சாப்பாடு கூடிப்போய்ச் செத்திருக்கிறது!

காய்ந்த ஏரி செத்த ஏரியா?

மே மாதம் ஏரி வெடித்துக் கிடக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். வடகிழக்குப் பருவமழை இரண்டு வாரம் பெய்தால் போதும், தண்ணீரில் உயிர் நெளியும். எங்கிருந்து வந்தன? எங்கும் போகவே இல்லை! காலடியில் அந்த வெடித்த சேற்றுக்குள்தான் இருந்தன.

நீர்த்தெள்ளு, வறட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் தடித்த ஓட்டுக்குள் வைத்த தனி முட்டைகளை இடுகிறது. அவை காயும், வேகும், காற்றில் பறக்கும், சாகாது. மின்னசோட்டாவில் ஒரு ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டி எடுத்த, பல நூற்றாண்டு பழைய முட்டைகள் ஆய்வகத்தில் பொரிந்து நீந்தியிருக்கின்றன! நம் ஊர்க் குளத்து நத்தையோ ஓட்டு வாசலை மூடிக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். விராலுக்குக் காற்றையே நேராக மூச்சிழுக்கத் தெரியும். ஈரம் இருக்கிற சேறு போதும்.

பனையேறிக் கெண்டையை விட்டுவிட்டால் பாவம். டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில், 1790களில், டால்டோர்ஃப் என்ற அதிகாரி ஏரிக்கரைப் பனைமரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதி அனுப்பினார். 1797இல் லண்டனில் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. ஐரோப்பா வாயைப் பிளந்தது. மரமேறுவது உண்மையோ, பருந்து தூக்கிப்போய் நழுவவிட்டதோ, அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. செவுள் மூடியிலுள்ள முட்களை ஊன்றி ஈரத் தரையில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு அது நடந்துபோவது மட்டும் சத்தியமான உண்மை. பனையேறி என்பது மனிதர் சொன்ன பேரா, மீன் தேடிக்கொண்ட பேரா என்று ஆராய வேண்டாம். மழை நாளில் கலங்கல் வழியும்போது போய்ப் பாருங்கள்.

அந்தச் சேற்றுக்கும் கீழே இன்னும் தோண்டினால்? ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் நிலவியல்காரர்களுக்கு ஒரு பாறை அடுக்கின் பெயர்! பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய களிப்பாறை அது. அதில் ஈந்துப்பனைச் சாயலில் இருந்த ஆதிச் செடிகளின் இலைத்தடங்கள் இருக்கின்றன. கூடவே அம்மோனைட் என்ற, சுருள் ஓட்டுக் கடல் உயிரிகளும் இருக்கின்றன. கார் கம்பெனிகள் நிற்கும் இந்த மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கியிருக்கிறது. கரையில் இலை, தண்ணீரில் வேட்டையாடி என்று அப்போதும் ஒரு சங்கிலி ஓடியிருக்கிறது. அதில் இருந்த பெயர்கள் எல்லாம் மாறிவிட்டன, வேலைகள் மாறவில்லை.

தட்டானின் விமானப் பயணம்

கொசுவை ஒழிக்க யாரை நம்புகிறீர்கள்? சுருளையா, லிக்விடையா? ஏரித் தண்ணீருக்குள் ஒரு கொலைகாரக் குட்டி இருக்கிறது. தட்டான் பூச்சியின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். அதன் கீழுதடு மடித்து வைத்த கை. கொசுப்புழு கிட்டே வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பிடித்து வாய்க்குள் போட்டுக்கொள்ளும். சிறகு முளைத்த பிறகும் கொசுதான் குறி. துரத்திய இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்துவிடுவதாக அளந்திருக்கிறார்கள். சிங்கம் துரத்துவதில் பாதி கூட அதற்குக் கிடைப்பதில்லை!

மழைக்காலத்தில் தாழ்வாகக் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான்கள் இருக்கின்றனவே, அவை எங்கே போகின்றன, தெரியுமா? ஆப்பிரிக்காவுக்கு! மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளருக்கு ஒரு சந்தேகம். நன்னீர்க் குளமே அதிகமில்லாத தீவில் ஒவ்வோர் அக்டோபரிலும் லட்சக்கணக்கில் தட்டான்கள் எப்படி வந்து இறங்குகின்றன? ஆண்டுக் கணக்காகக் குறித்து வைத்து, 2009இல் எழுதினார்: இந்தியாவிலிருந்து புறப்பட்டு, உயரத்துக் காற்றில் ஏறி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நாலைந்து தலைமுறை சேர்ந்து போய்த் திரும்பும் பயணம் 14,000 கிலோமீட்டருக்கும் மேல்.

அதோடு முடியவில்லை. சைபீரியாவிலிருந்து நாகாலாந்து வழியாக ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறு, உட்கார ஒரு கிளை இல்லாத அரபிக்கடலை ஒரே மூச்சில் கடக்கிறது. வழியில் என்ன சாப்பிடும்? அதே காற்றில், அதே மாதத்தில், அதே திசையில் பறக்கும் தட்டானைத்தான் என்கிறார் ஆண்டர்சன். நம் பக்கத்துக் குட்டையில் கொசுப்புழு தின்று வளர்ந்த பூச்சி, சோமாலியாக் கரைக்குப் போகும் வல்லூறுக்கு நடுக்கடல் சாப்பாடாகலாம்! சங்கிலியின் மறுமுனை எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

மாடு மேய்ந்தால் கூடவே ஓடும் உண்ணிக்கொக்கும் சளைத்ததில்லை. மாடு கிளப்பிவிடும் வெட்டுக்கிளியும் பூச்சியும் அதற்குப் போதும். மாடு குறைந்த இடத்தில் டிராக்டர் பின்னால் போகும். மண்ணைக் கிளறும் எதுவும் அதற்கு மாடுதான். இப்படி ஒட்டிக்கொள்ளத் தெரிந்ததால்தான் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலையே பறந்து கடந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் குடியேறியது.

ஒரகடம் பக்கம் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு மழைக்கால ஈசல் தெரியும். விளக்குக் கம்பத்தடியில் சிறகுக் குப்பை. மண்ணுக்கடியில் கரையான் செய்வது என்ன தெரியுமா? விவசாயம்! காய்ந்த கட்டையையும் சருகையும் மென்று உருட்டி வைத்து, அதில் பூஞ்சை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத் தின்கிறது. மனிதன் நெல் போடுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே தொடங்கிய பயிர்த்தொழில். மழை பெய்ததும் சிறகோடு வெளியே வரும் ஈசலைத் தவளை, ஓணான், கரிச்சான், காகம், வௌவால் எல்லாம் கூடித் தின்னும். இருளர் வீடுகளில் பிடித்து வறுத்துப் பொரியோடு சேர்த்துக் கொறிப்பார்கள். யாராலும் செரிக்க முடியாத மரக்கட்டை, ஒரே இரவில் ஊருக்கே விருந்து.

எலி, பாம்பு, மருந்து

பாம்பு என்றால் கம்பு எடுக்கும் ஊர் இது. ஆனால் கழனியில் நெல்லைக் காப்பது சாரையும் நாகமும்தான். வயல் எலி தின்பதோடு விடாது, வளைக்குள் கதிர்களை இழுத்துப்போய்ச் சேமிக்கும். இருளர்கள் வளையில் புகைபோட்டு எலியைப் பிடித்து, அந்த நெல்லையும் தோண்டி எடுப்பது பழைய வழக்கம்.

ஒரு காலத்தில் அதே கைகள் தோலுக்காகப் பாம்பு பிடித்தன. 1972 வனவுயிர்ச் சட்டத்துக்குப் பின் தோல் வியாபாரம் நின்றது. வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லை. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள்! இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பாலும் அந்த விஷம்தான் மூலப்பொருள். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்த இந்தியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் என்கிறது ஓர் ஆய்வு. அதை நினைத்தால் இந்தச் சங்கத்தின் அருமை புரியும். 2023இல் இந்தப் பக்கத்து இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வெளிநாடுகள் பாம்பு பிடிக்க அவர்களை அழைத்திருக்கின்றன.

எலிக்குப் பாம்பு, பூச்சிக்குத் தவளை. ஆனால் தவளைக்காலை ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம், தெரியுமா? ஐரோப்பிய ஓட்டல் தட்டுக்காக நம் வயல் தவளைகள் காணாமல் போயின. தவளை விற்ற காசைப் பூச்சிமருந்து வாங்கவே செலவிடுகிறோம் என்று சூழலியலாளர்கள் கத்தினார்கள். 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சீனா இதைவிடப் பெரிய விலை கொடுத்தது. 1958இல், நெல்லைத் தின்கிறது என்று சிட்டுக்குருவியைத் தேசிய எதிரியாக்கி, தட்டை அடித்து உட்கார விடாமல் பறக்கவிட்டுக் கொன்றார்கள். குருவி தின்ற பூச்சிகள் பெருகின. பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணமானது. 1960இல் எதிரிப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்!

ஒரு கண்ணி அறுந்தால்?

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கார் கம்பெனி லைனில் நிற்பவரைக் கேளுங்கள். ஒரு சின்ன போல்ட் வந்து சேரவில்லை என்றால் லைன் நின்றுவிடும்; உடனே சத்தம், உடனே விசாரணை. உணவுச் சங்கிலி இந்த விஷயத்தில் பொல்லாதது. ஒரு கண்ணி போனாலும் அது பாட்டுக்கு ஓடுவதுபோல் ஓடும். பல வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நிற்கும்.

அமெரிக்கப் பசிபிக் கரையில் ராபர்ட் பெய்ன் என்ற விஞ்ஞானி ஒரு பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். வேறெதையும் தொடவில்லை. 1966இல் அவர் அறிவித்தது: பாறையில் இருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகிவிட்டன! நட்சத்திர மீன் தின்றுகொண்டிருந்த சிப்பி, தின்ன ஆளில்லாமல் பாறை முழுக்க அப்பிக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளிவிட்டது. கொன்று தின்கிறவன்தான் மற்றவர்களுக்கு இடம் வாங்கித் தந்துகொண்டிருந்தான்.

அது எங்கோ இருக்கிற பாறை. ஆனால் திருக்கழுக்குன்றம் நமக்குப் பக்கத்தில்தான். வேதகிரீஸ்வரர் மலையில் தினம் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனதைப் பாட்டிமார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள்முகப் பாறு என்ற வகை. பட்சி தீர்த்தம் என்று ஊருக்கே பெயர். 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கொத்துக் கொத்தாக மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தன. உலகத்திலேயே அதிகம் இருந்த பெரிய இரைகொல்லிப் பறவை என்று பெயர்வாங்கிய வெண்முதுகுப் பாறு, நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்னும் அளவுக்குச் சரிந்தது. நோயா, விஷமா? 2004இல் பாகிஸ்தானில் ஆராய்ந்த குழு கண்டுபிடித்தது: டைக்ளோஃபினாக்! மாட்டுக்குப் போடும் சாதாரண வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். எத்தனை மாட்டுக்குப் போட்டால் ஓர் இனம் அழியும் என்று கணக்கிட்டார்கள். விடையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுகூட வேண்டாம், அதற்கும் குறைவே போதும்! ஒரு பிணத்தைச் சுற்றி ஊர்ப்பாறுகள் அத்தனையும் பந்திக்கு உட்காரும் பழக்கம்தான் அவற்றுக்கு எமனானது.

பாறு போனால் நமக்கென்ன? பிணம் கிடந்தது. தெருநாய் தின்றது, பெருகியது. வெறிநாய்க்கடி கூடியது. அழுகிய பிணங்கள் தண்ணீரில் கலந்தன. பாறுகள் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் மதிப்பிட்டது: 2000 முதல் 2005 வரை கூடுதலாக இறந்த மனிதர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம்! ஒரு வலி ஊசியில் தொடங்கிய கணக்கு. மாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் தடைசெய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போனதால் 2015இல் அவற்றையும் தடுத்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். புலிக்குக் காட்டும் பாசத்தில் கால்பங்கு இந்தப் பிணந்தின்னிக்குக் காட்டியிருந்தால் போதும் என்று எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு.

மேலே ஏறும் விஷம்

பத்தில் ஒன்பது வீணாகிறது என்றோமே, வீணாகாத ஒன்று இருக்கிறது. நஞ்சு! உணவு படிக்குப் படி குறையும்போது, உடம்பு வெளியேற்றத் தெரியாத நஞ்சு மட்டும் அப்படியே சேர்ந்து சேர்ந்து அடர்த்தியாகிறது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் கழிமுகத்தில் டி.டி.டி.யை அளந்தார்கள். தண்ணீரில் கோடியில் ஒரு துளிக்கும் குறைவு. நுண்விலங்கில் கூடியது, சின்ன மீனில் இன்னும், பெரிய மீனில் இன்னும். மீன் தின்னும் பறவையில் தண்ணீரைப்போல் 80 லட்சம் மடங்கு! அந்தப் பறவைகள் இட்ட முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. இந்தியாவில் 1989இல் பயிருக்கு டி.டி.டி. அடிப்பது தடைசெய்யப்பட்டது.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் முதலில் பூனைகள் தள்ளாடிச் சுழன்று விழுந்தன. மீன் தின்ற பூனைகள். 1956இல் மனிதர்களுக்கு அதே நோய் என்று பதிவானது. தொழிற்சாலைக் கழிவில் இருந்த பாதரசம் மீன் வழியாக ஏறி வந்திருந்தது.

இப்போது மார்க்கெட்டுக்கு வாருங்கள். பாதரசம் பெரிய, வயதான, வேட்டையாடும் மீனில்தான் அதிகம் சேரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க அரசு சொல்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்துதரும் நம் வீடுகளில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்! ஆனால் கவனியுங்கள்: கடற்கரைப் பாட்டிமார் கேட்டு வாங்குவது ராட்சசச் சுறாவை இல்லை, பால்சுறாவை, அவ்வளவு பெரிதாகாத, அதிக நாள் வாழாத வகை. சங்கிலியில் அது ராட்சசச் சுறாவுக்குக் கொஞ்சம் கீழே. அதைவிடக் கீழே பாசியையும் நுண்ணுயிரையும் தின்னும் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன, வஞ்சிரம் விலையில் ஒரு சிறு பங்குக்கு.